கோடைப் படிப்பு யாருக்கு?

(பூரணாங்குப்பத்தில் உழைப்பாளி மக்களுக்காக நடத்தப்படும் கோடைக்கால மாலைப் பிரசங்கங்கள், ஞாயிற்றுக்கிழமைச் சுற்றுப் பிரயாணங்கள் ஆகியவற்றின் இரண்டாம் ஆண்டுத் தொடக்கத்தில், கட்சியின் முழுநேர ஊழியர் ஒருவர் ஆற்றிய உரை.)

கத்திரி வெயில் தணிந்து, கடற்காற்று ஊருக்குள் நுழைகிற இந்த நேரத்தில், பகலெல்லாம் பாடுபட்ட அலுப்போடு நீங்கள் வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள்.

ஒரு கூட்டத்தைத் தொடங்குகிறபோது சாதனைகளை அடுக்குவது வழக்கம். இன்று நாம் அப்படிச் செய்யப் போவதில்லை. சென்ற ஆண்டு இதே இடத்தில் நாம் நடத்திய கோடைப் படிப்பின் கணக்கைத்தான் முதலில் உங்கள் முன் வைக்க விரும்புகிறோம். அந்தக் கணக்கு நமக்குப் பெருமை தருவதாக இல்லை.

முதல் நாள் இரவு இங்கே விரித்த பாய் போதவில்லை. பக்கத்து வீடுகளில் இரவல் வாங்கி விரித்தோம். கடைசி நாளிலோ வந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அந்தச் சிலரிலும் இருவர் தூண் மேல் சாய்ந்து நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். முதல் சுற்றுப் பிரயாணத்துக்கு வண்டி நிறைய ஆள்; மூன்றாவது பிரயாணத்துக்கு வண்டியில் பாதி காலி.

ஜனங்களுக்கு அக்கறை இல்லை என்று சொல்லி இந்த விஷயத்தை முடித்துவிடலாம். நம்மில் ஒரு தோழர் அப்படித்தான் சொன்னார். "கூலி உயர்வு என்றால் வருவார்கள், ரேஷன் பிரச்னை என்றால் வருவார்கள். சரித்திரமும் விஞ்ஞானமும் இவர்களுக்கு எதற்கு?" என்று கேட்டார். அந்தத் தோழர் நல்லவர், அலுப்பில் சொன்னார். ஆனால் அந்த வார்த்தை தவறு. அது ஏன் தவறு என்று சொல்லத்தான் இன்று நாம் நிற்கிறோம்.

தவறு எங்கே?

தவறு நம் பக்கம் இருந்தது. அது மூன்று வகை.

முதலாவது, நேரம். சென்ற ஆண்டு மாலை ஐந்தரை மணிக்குப் பிரசங்கம் வைத்தோம். ஐந்தரைக்கு வீட்டில் அடுப்பு எரிகிறது. ஆடு மாடு திரும்புகிறது. பாகூர் பக்கம் கிணற்றுப் பாசனம் உள்ள இடங்களில் சொர்ணவாரி நடவு நடக்கிற சமயம் இது. நடவுக்குப் போன பெண் வீடு திரும்பிக் கை கால் கழுவவே ஆறரை ஆகிவிடும். வேலையற்றவனுக்கு வசதியான நேரத்தை வைத்துக்கொண்டு, வேலை செய்கிறவன் வரவில்லையே என்று குறைப்பட்டோம்.

இரண்டாவது, பேச்சு. வெளியூரிலிருந்து படித்த நண்பர்களை அழைத்து வந்தோம். அவர்கள் அன்போடு வந்தவர்கள்; ஒரு காசு வாங்காமல் பேசினார்கள். ஆனால் முக்கால் மணி நேரம் என்று தொடங்கியது ஒன்றே முக்கால் மணி நேரமாயிற்று. பேசியது தமிழ்தான், என்றாலும் அது புத்தகத்துத் தமிழ்.

மூன்றாவதுதான் பெரிய தவறு. அதை நமக்குக் காட்டியவர் ஒரு பெரியம்மா. கடற்கரை மணல் மேட்டுக்குப் போயிருந்தோம். அலையையும் காற்றையும் மணல் மேடு எப்படித் தடுக்கிறது, மணலைச் செடி கொடிகள் எப்படிப் பிடித்து வைக்கின்றன என்று நண்பர் ஒருவர் விளக்கிக்கொண்டிருந்தார். செடியின் பெயரை லத்தீனில் சொன்னார். பக்கத்தில் நின்ற அந்தப் பெரியம்மா குனிந்து ஒரு கொடியைத் தூக்கிப் பிடித்து, "இது அடும்பு. அதோ முள்ளு முள்ளா இருக்குதே, அது ராவணன் மீசை. காத்துக்கு உருண்டு போய் எங்க மண்ணு சேருதோ அங்க வேர் வுடும். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிஞ்சத யாரும் கேக்கல. இன்னா தம்பி, நீங்களே பேசிக்கினு போறீங்க?" என்றார்.

அடுத்த வாரம் அவர் வரவில்லை.

தோழர்களே! அவர் கேட்டது நியாயமான கேள்வி. தெரியாதவர்களுக்குத் தெரிந்தவர்கள் ஊற்றுவதுதான் படிப்பு என்று நாம் எண்ணியிருந்தோம். காலிப் பானையில் தண்ணீர் ஊற்றுவதுபோல. வந்து உட்கார்ந்தவர்களோ காலிப் பானைகள் அல்லர். அறுபது ஆண்டு உழைத்த கையும் கண்ணும் கொண்டு வந்தவர்கள்.

இந்த வயதில் படிப்பா?

இன்னொரு கேள்வியும் ஊரில் இருக்கிறது. "இந்த வயசுல படிச்சு கலெக்டராவா ஆகப் போறோம்?" என்று கேட்கிறார்கள். சிரித்துக்கொண்டே கேட்டாலும், அதற்குள் ஒரு கசப்பு இருக்கிறது. படிப்பு என்றால் உத்தியோகத்துக்குப் போகும் படி. அந்தப் படியில் ஏற வேண்டிய வயதில் நம்மை ஏற விடவில்லை. இனி எதற்கு என்ற கசப்பு.

இதற்குப் பதில் சொல்லச் சரித்திரத்தைக் கொஞ்சம் திருப்பிப் பார்க்க வேண்டும். வெகு தூரம் போக வேண்டாம். பாகூருக்குப் போனால் போதும்.

9-ம் நூற்றாண்டில், பல்லவ அரசன் நிருபதுங்கவர்மனின் 8-ம் ஆட்சியாண்டில், பாகூரில் இருந்த வித்தியாஸ்தானத்துக்கு, அதாவது கல்விச்சாலைக்கு, மூன்று கிராமங்கள் தானமாகக் கொடுக்கப்பட்டன. அந்தச் செப்பேடுகள் கிடைத்திருக்கின்றன. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே நம் பக்கத்து ஊரில் உயர்கல்வி நடந்தது என்று நாம் பெருமைப்படலாம். பெருமைப்பட வேண்டிய விஷயம்தான். ஆனால் மூன்று கிராமங்கள் தானம் என்றால் என்ன? அந்த மூன்று கிராமத்து நிலத்தின் வருமானம் கல்விச்சாலைக்குப் போயிற்று என்று அர்த்தம். உழுதவன் உழுதான், அறுத்தவள் அறுத்தாள், நெல் போயிற்று. அந்த நெல்லைத் தின்று வேதமும் சாஸ்திரமும் ஓதினார்கள். ஏர் பிடித்தவனுக்கும் அங்கே ஒரு பாய் விரிக்கப்பட்டது என்று அந்தச் சாசனம் சொல்லவில்லை.

படிப்புக்குச் சோறு போட்டவர்கள் படிப்புக்கு வெளியே நின்றார்கள். ஆகவே அறுபது வயதில் ஒரு விவசாயத் தொழிலாளி வந்து இங்கே உட்கார்வதை, வயது கடந்த ஆசை என்று நாம் சொல்லமாட்டோம். வெகு காலமாக நிலுவையில் நிற்கும் பாக்கியை அவர் வசூலிக்க வந்திருக்கிறார்.

இன்னொரு சம்பவம். 1825-ம் ஆண்டு மே 31, ஜூன் 1 இரவு ஒரு சந்திர கிரகணம் ஏற்பட்டது. வாரன் என்ற ஆராய்ச்சியாளர், புதுச்சேரிப் பஞ்சாங்கக் கணக்கர் ஒருவரைக் கொண்டு அந்தக் கிரகணத்தைக் கணக்கிடச் செய்தார். அந்த மனிதர் காகிதமும் எடுக்கவில்லை, புத்தகமும் எடுக்கவில்லை. தரையில் சோழிகளைப் பரப்பினார். வாய்பாடுகளை மனப்பாடமாகச் சொல்லிக்கொண்டே சோழிகளை நகர்த்தினார். கிரகணம் தொடங்கும் நேரத்தைச் சொன்னார். தவறு 4 நிமிடந்தான்! நடு நேரத்தில் 23 நிமிடமும், முடிவில் 52 நிமிடமும் பிசகியது. கையில் ஒரு கருவியும் இல்லாமல் செய்த கணக்கு இது.

இதை நினைத்து நாம் வியக்கலாம். அதோடு இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அந்தக் கணக்கருக்குக் கணக்குப் போடத் தெரிந்தது; அந்தக் கணக்கு ஏன் பலிக்கிறது என்ற தத்துவம் தெரியவில்லை என்று வாரன் எழுதியிருக்கிறார். எப்படி என்பது தலைமுறை தலைமுறையாக வந்தது. ஏன் என்பது நடுவில் எங்கோ தொலைந்து போயிற்று.

நம் நிலையும் பல விஷயங்களில் அதுதான். மடை எப்படித் திறப்பது என்று தெரியும், எப்படி நாற்று விடுவது என்று தெரியும், எந்தக் காற்றுக்கு எந்த மீன் கிட்ட வரும் என்று தெரியும். ஏன் என்று கேட்க நேரம் கிடைத்ததில்லை. கேட்டால் சொல்ல ஆள் இருந்ததில்லை. அந்த 'ஏன்' என்ற கேள்விக்கு ஒரு மாலை நேரத்தை ஒதுக்குவதுதான் இந்தக் கோடைப் படிப்பு. இதில் பரீட்சை இல்லை, சர்ட்டிபிகேட் இல்லை, உத்தியோகமும் இல்லை. மனிதனாகப் பிறந்தவன் தன்னைச் சுற்றியுள்ள உலகத்தைத் தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறான். அந்த ஆசைக்கு வயது வரம்பு கிடையாது.

நேரத்துக்காக நடந்த போராட்டம்

படிக்க ஆசை மட்டும் இருந்தால் போதாது, நேரம் வேண்டும். அந்த நேரம் சும்மா கிடைத்ததல்ல.

புதுவை மில்களில் விடிந்தது முதல் இருட்டும் வரை தொழிலாளர் உழைத்த காலம் ஒன்று இருந்தது. 1936 ஜூலை 30-ம் தேதி, வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர்கள் மீது பிரெஞ்சு சர்க்காரின் படை சுட்டது. 12 தொழிலாளர்கள் மாண்டார்கள். அடுத்த ஆண்டு, 1937-ல், 8 மணி நேர வேலைக்கான சட்டம் இங்கே வந்தது. எட்டு மணி வேலை, எட்டு மணி உறக்கம், எட்டு மணி நமக்கு என்பது உலகத் தொழிலாளர்களின் கோஷம். 'நமக்கு' என்ற அந்த எட்டு மணியில்தான் குடும்பம் இருக்கிறது, பாட்டு இருக்கிறது, படிப்பும் இருக்கிறது.

அந்த மில்களில் ஒன்றான, நம் ஜனங்கள் ரோடியர் மில் என்று அழைத்த ஆங்கிலோ-பிரெஞ்சு ஆலை 2020-ல் மூடப்பட்டது. அங்கே சங்கு ஊதியதைக் கேட்டு வேலைக்குப் போன பெரியவர்கள் இந்தக் கூட்டத்திலும் இருக்கிறீர்கள். ஒரு மாலை அவர்கள் பேச வேண்டும்; நாம் கேட்க வேண்டும்.

வெளி உலகத்தில்

இந்த விஷயத்தில் மற்ற நாட்டவர் என்ன செய்தார்கள் என்று தெரிந்துகொள்வது நல்லது.

இங்கிலாந்தில் 1903-ல் தொழிலாளர் கல்விச் சங்கம் தோன்றியது. தொடங்கியவர் மான்ஸ்பிரிட்ஜ், கூட்டுறவுச் சங்கத்தில் குமாஸ்தாவாக இருந்தவர். 1908-ல் ராச்டேல் நெசவாளிகளுக்கும், லாங்டன் மட்பாண்டத் தொழிலாளிகளுக்கும் டானி என்ற இளம் ஆசிரியர் பொருளாதார சரித்திர வகுப்பு எடுத்தார். பகலெல்லாம் தறியிலும் சூளையிலும் வேலை செய்தவர்கள் இரவில் வந்து அவரோடு வாதாடினார்கள். பின்னால் பெரிய சரித்திர ஆசிரியராகப் புகழ் பெற்ற அந்த டானி, 1912-ல் வெளியிட்ட தமது நூலின் முன்னுரையில், அந்தத் தொழிலாளிகளிடமிருந்து தாம் கற்றுக்கொண்டதை நன்றியோடு குறிப்பிட்டார். வாத்தியார் கற்றுக்கொண்டார்! நமது பெரியம்மா மணல் மேட்டில் சொன்னதும் இதுதானே?

பிரான்ஸ் நாட்டில் துலூஸ் நகரத்தில் 1973-ல் பியேர் வெல்லாஸ் என்ற பேராசிரியர், ஓய்வு பெற்ற முதியவர்களுக்காகப் பல்கலைக்கழகத்தின் கதவைத் திறந்தார். 'மூன்றாம் வயதின் பல்கலைக்கழகம்' என்று அதற்குப் பெயர். அது பல நாடுகளுக்குப் பரவியது. அமெரிக்காவில் 1975-ம் ஆண்டு கோடையில், நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் ஐந்து கல்லூரிகள், மாணவர்கள் ஊருக்குப் போய்விட்டதால் காலியாகக் கிடந்த விடுதிகளை முதியவர்களுக்குத் திறந்துவிட்டன. ஒரு வாரம் தங்குவது, சில பிரசங்கங்கள் கேட்பது, ஊர் சுற்றிப் பார்ப்பது. முதல் கோடையில் 220 பேர் வந்தார்கள். பிறகு அது பெரிய ஸ்தாபனமாக வளர்ந்தது.

இதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று, விட வேண்டியது ஒன்று. கோடையில் பூட்டிக் கிடக்கும் கட்டடத்தைப் படிப்புக்குத் திறப்பது, இது நல்ல யோசனை. ஆனால் அங்கே வந்தவர்கள் பெரும்பாலும் ஓய்வூதியம் வாங்குகிறவர்கள். கையில் பணமும் பொழுதும் உள்ளவர்கள். அவர்களுக்குக் கோடை என்றால் விடுமுறை. நமக்கோ? ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு கரையில் நிற்கிறது. படகில் போகிறவர்களும் கரையில் நிற்கிறார்கள். பொழுது உண்டு, வருமானம் இல்லை. விடுமுறை என்று இதை யாராவது சொல்லுவார்களா? வலை பின்னிக்கொண்டே கேட்கலாம் என்றால்தான் அவர்கள் வருவார்கள். சரி, வலையோடு வாருங்கள் என்று இந்த ஆண்டு சொல்லிவிட்டோம். இதோ வந்தும் இருக்கிறீர்கள்.

நம் நாட்டில் நடந்ததும் மறக்கக் கூடியதல்ல. 1990 பிப்ரவரியில் கேரளத்தின் எர்ணாகுளம், முழு எழுத்தறிவு பெற்ற முதல் மாவட்டமாக அறிவிக்கப்பட்டது. அந்த வேகத்தில் புதுவையிலும் அறிவொளி இயக்கம் பரவியது. புதுக்கோட்டையில் படிக்கக் கற்ற பெண்கள் சைக்கிள் விடவும் கற்றார்கள். நாம் அப்போது பள்ளிச் சிறுவர்கள். இரவு தெருவிளக்கின் கீழ் நம் தாயார் பலகையில் தன் பெயரை எழுதி, அழித்து, மறுபடி எழுதியதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவர்கள் நாம். கைநாட்டு வைத்த விரல் கையெழுத்துப் போட்ட அன்று வீட்டில் பாயசம் வைத்தார்கள்.

ஆனால் அதற்குப் பிறகு என்ன? எழுதப் படிக்க வந்தவர்களுக்குப் படிக்க எதைக் கொடுத்தோம்? கதவைத் தட்டித் திறந்தோம். உள்ளே அழைத்துப் போகவில்லை. நம் தாயார் ரேஷன் கார்டிலும் பஸ் போர்டிலும் படித்ததைத் தவிர வேறு படித்ததை நாம் அதிகம் பார்க்கவில்லை. 2011 ஜனத்தொகைக் கணக்குப்படி புதுவையில் எழுத்தறிவு 85.85 சதவிகிதம். நல்ல எண்ணிக்கைதான். எழுத்து தெரிந்தவர்களுக்கு அந்த எழுத்து எதற்குப் பயன்பட்டது என்ற கணக்கை எடுத்தவர் யார்?

ஆறு என்ற புத்தகம்

இந்த ஆண்டுத் திட்டத்துக்கு வருவோம். சென்ற ஆண்டு ஒரு நாள் வானம், ஒரு நாள் வைத்தியம், ஒரு நாள் கோயில் என்று துண்டு துண்டாக வைத்தோம். இந்த ஆண்டு ஒரே பொருள்: நம்முடைய ஆறு.

செஞ்சிப் பக்கத்துக் குன்றுகளில் பிறந்து வருகிறது சங்கராபரணி. கடலை நெருங்குகையில் கிளை பிரிகிறது. ஒரு கிளை அரியாங்குப்பம் ஆறாக அரிக்கமேட்டை உரசிப் போகிறது. இன்னொரு கிளை சுண்ணாம்பாறாக நம் ஊருக்கு வடக்கே கடலில் விழுகிறது. கழிமுகத்தில் நிற்கிற நாம், அந்த ஆற்றைப் பிடித்துக்கொண்டு மேலே போகப் போகிறோம்.

முதல் ஞாயிறு, திருவக்கரை. அங்கே மரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன. 2 கோடி ஆண்டு வயது என்று சொல்லுகிறார்கள். சாபத்தினால் கல்லானவை அல்ல. வெள்ளத்தில் அடித்து வரப்பட்டு மணலிலும் சரளையிலும் புதைந்த மரங்கள். கிளையும் வேரும் பட்டையும் இல்லாமல் வெறும் அடிமரமாகக் கிடப்பதே அவை அடித்து வரப்பட்டவை என்பதற்கு அடையாளம். மண்ணுக்குள் ஊறிய நீரிலிருந்த சிலிக்கா, மரத்தின் அணு அணுவாக இடம் பிடித்துக் கல்லாக்கிவிட்டது. இதைத் தெரிந்துகொண்டு நமக்கு என்ன லாபம் என்று கேட்பீர்கள். அந்த மரங்கள் கிடக்கிற பாறைக்குக் கடலூர் மணற்கல் என்று பெயர். அதே மணற்கல் அடுக்குதான் பூமிக்குள் சரிந்து நம் பக்கம் வந்து, புதுவை வட்டார ஆழ்துளைக் கிணறுகளுக்குத் தண்ணீர் தருகிறது. கடலோரத்தில் அளவு மீறி உறிஞ்சினால் உப்பு நீர் உள்ளே வருகிறது. திருவக்கரைக் கல்லைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தவர், தம் வீட்டுக் குழாயில் உப்புக் கரிக்கும்போது யாரை என்ன கேட்க வேண்டும் என்று அறிவார்.

இரண்டாவது ஞாயிறு, வில்லியனூரும் கீழூரும். கீழூரில் 1954 அக்டோபர் 18-ம் தேதி, மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடி, பிரெஞ்சு ஆட்சி நீங்கி இந்தியாவோடு இணைவதா என்று வாக்களித்தார்கள். 170 பேர் இணைப்புக்கு வாக்களித்தார்கள். நவம்பர் 1-ம் தேதி நிர்வாகம் கைமாறியது; சட்டப்படியான மாற்றம் 1962 ஆகஸ்ட் 16-ல் நடந்தது. நினைவு மண்டபத்தைப் பஸ்ஸிலிருந்து பார்த்தவர்கள் பலர்; இறங்கி நின்று, இங்கே என்ன நடந்தது என்று பேசியவர்கள் சிலரே.

மூன்றாவது ஞாயிறு, பாகூர். அது பெண்ணையாற்றுப் பக்கம்; நம் ஆற்றுக்கு அது பங்காளி. சொர்ணாவூர் அணையிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியாக ஏரிக்குத் தண்ணீர் வருகிறது. சிங்காரி, பங்காரி என்று அக்கா தங்கை கதை அங்கே வழங்குகிறது. கதையையும் கேட்போம், வாய்க்காலையும் நடந்து பார்ப்போம், செப்பேட்டின் செய்தியையும் அங்கேயே பேசுவோம். ஏரி மண்வேலைக்குப் போன பெண்கள் அன்று நமக்கு ஏரியை விளக்குவார்கள். கரை எங்கே பலவீனம், மதகு எங்கே அடைப்பு என்று அவர்களுக்குத்தான் தெரியும்.

நான்காவது ஞாயிறு, அரிக்கமேடு.

கூடை சுமந்தவரின் மகன்

அரிக்கமேட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நம் ஊரிலிருந்து பாலத்தைத் தாண்டி, அரியாங்குப்பம் போய்க் கிழக்கே திரும்பினால் வந்துவிடும். சைக்கிள் தூரம். ரோமாபுரியிலிருந்து வந்த மது ஜாடிகளும், இத்தாலி நாட்டு மட்பாண்டமும், இங்கேயே செய்த மணிகளும் கிடைத்த இடம். 1945-ல் மார்ட்டிமர் வீலர் தோண்டினார். 1947 முதல் 1950 வரை கசால் என்ற பிரெஞ்சுக்காரர் தோண்டினார். 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி அம்மையார் குழு தோண்டியது. ரோமானியர் வருவதற்கு முன்பே அங்கே ஜனங்கள் குடியிருந்து தொழில் செய்தார்கள் என்பது பின்னாளைய ஆராய்ச்சியில் தெளிவாயிற்று.

சென்ற ஆண்டு நாம் அங்கே போனோம். மண்ணுக்கு மேல் நிற்கும் செங்கல் சுவரைப் பார்த்துவிட்டு, "இதுதான் ரோமாபுரிக்காரன் கட்டியதா?" என்று ஒருவர் கேட்டார். இல்லை. அது 18-ம் நூற்றாண்டில் பிரெஞ்சுப் பாதிரிமார் கட்டிய கட்டடத்தின் மிச்சம். தோண்டிய குழிகள் மூடப்பட்டுவிட்டன. கிடைத்த பொருள்கள் மியூசியங்களுக்குப் போய்விட்டன. எடுத்துச் சொல்ல ஆளில்லாமல் போகிறவனுக்கு அங்கே ஒரு மாந்தோப்பும் மேடும்தான் தெரியும்.

நாம் இதையெல்லாம் சொல்லி முடித்துவிட்டு வண்டி ஏறுகிற சமயத்தில், அதுவரை வாய் திறக்காமல் வந்த எண்பது வயதுப் பெரியவர் ஒருவர் மெதுவாகச் சொன்னார்: "எங்கப்பா இங்கதான் கூடை மண்ணு சொமந்தாரு. வெள்ளக்காரன் தோண்டுறப்ப. இன்னாத்துக்குத் தோண்டுறாங்கன்னு அவருக்குத் தெரியாது. பொதையலுன்னு நெனச்சிக்கினு இருந்தாரு. கடைசி வரிக்கும் தெரியாமலே பூட்டாரு."

தோழர்களே! நாம் ஒரு நிமிஷம் பேச முடியாமல் நின்றோம். தோண்டச் சொன்னவர்கள் பெயர் ஏடுகளில் இருக்கிறது. அவர்கள் அறிஞர்கள், அவர்கள் உழைப்பை நாம் குறைத்துப் பேசவில்லை. ஆனால் கூடை கூடையாக மண் சுமந்து, அந்த ஜாடித் துண்டை முதலில் கையால் தொட்ட மனிதனுக்கு, நீ தொட்டது என்ன என்று ஒரு மாலை உட்கார்ந்து சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. சொல்லியிருந்தால் எவ்வளவு செலவாகியிருக்கும்? அரை மணி நேரம். அந்த அரை மணி நேரம் அந்த மனிதனுக்குக் கிடைக்கவில்லை. ஆயுள் முழுவதும் அவர் புதையல் என்றே நினைத்திருந்தார்.

அந்தப் பெரியவர் இப்போது முன் வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். நான்காவது ஞாயிறு அரிக்கமேட்டில் முதலில் பேசப் போகிறவர் அவர்தான். தகப்பனார் சொன்னதை அவர் சொல்லுவார். பிறகு நம் நண்பர் ஆராய்ச்சியைச் சொல்லுவார்.

கடைசி இரவுப் பிரசங்கம் கடற்கரையில், ஜூன் முதல் வாரத்தில், வானத்தைப் பற்றியது. லெ ஜாந்தீ என்ற பிரெஞ்சு விஞ்ஞானி, சூரியனைச் சுக்கிரன் கடக்கும் காட்சியைப் பார்க்கவே இந்தப் பக்கம் வந்தார். 1761-ல் கப்பலிலேயே மாட்டிக்கொண்டதால் சரியாக அளக்க முடியவில்லை. எட்டு ஆண்டு காத்திருந்தார். 1769 ஜூன் 4-ம் தேதி புதுச்சேரியில் எல்லாம் தயார். அந்த நேரம் பார்த்து மேகம் மூடிவிட்டது! ஊர் திரும்பினால், அவர் இறந்துவிட்டதாக எண்ணிச் சொத்தைப் பங்கு போட்டுக்கொண்டிருந்தார்கள். ஆனால் காத்திருந்த காலத்தை அவர் வீணாக்கவில்லை. தமிழர் கிரகணக் கணக்கை இங்கே உள்ளவர்களிடம் உட்கார்ந்து கற்றார். அரிக்கமேட்டுக் கரையில் ஜனங்கள் பழைய பெருஞ்செங்கற்களைப் பெயர்த்தெடுப்பதையும் எழுதி வைத்தார். அவரைப் பற்றிப் பேசுகிறபோது, விடிவெள்ளியையும் அறுமீனையும் பார்த்துக் கரை சேர்ந்த நம் கடலோரத்துப் பெரியவர்களும் பேசுவார்கள்.

செய்ய வேண்டியவை

சில முடிவுகள் செய்திருக்கிறோம். சரியில்லை என்றால் இங்கேயே சொல்லுங்கள், திருத்திக்கொள்வோம்.

ஒன்று: பிரசங்கம் இரவு எட்டு மணிக்குத் தொடங்கும். அரை மணிதான். மணி அடித்தால் பேச்சு நிற்கும், பேசுகிறவர் எவராயினும் சரி. அடுத்த அரை மணி உங்களுடையது.

இரண்டு: சுற்றுப் பிரயாணம் விடியற்காலை ஐந்து மணிக்குக் கிளம்பி, வெயில் ஏறுமுன் திரும்பிவிடும். நடக்க முடியாதவர்களுக்கு வண்டியில் முன் இடம். கழிப்பிட வசதி உள்ள இடத்தில்தான் வண்டி நிற்கும். இதைச் சென்ற ஆண்டு கவனிக்காததால் எத்தனை பெண்கள் வராமல் நின்றார்கள் என்று பிறகுதான் தெரிந்தது.

மூன்று: ஒவ்வொரு பொருளுக்கும் ஊரிலிருந்து ஒருவர், வெளியிலிருந்து ஒருவர், இருவர் பேசுவார்கள். ஊர்க்காரர் முதலில் பேசுவார்.

நான்கு: இங்கே சொல்லப்படுகிறவற்றை ஒரு நோட்டுப் புத்தகத்தில் பள்ளிப் பிள்ளைகள் எழுதி வைப்பார்கள். கூடை சுமந்தவர் பெயர் உட்பட.

சர்க்காரிடமும் கேட்க வேண்டியது உண்டு. கோடையில் பள்ளிக்கூடங்கள் பூட்டிக் கிடக்கின்றன. இரவு இரண்டு மணி நேரம் திறந்துவிடுங்கள். ஞாயிறு விடியற்காலையில் ஒரு பஸ் கொடுங்கள். அரிக்கமேட்டிலும் பாகூரிலும் எளிய தமிழில் நாலு வரி விளக்கப் பலகை வையுங்கள். கோடிக் கணக்கில் செலவாகும் திட்டம் எதையும் நாம் கேட்கவில்லை. இந்த விண்ணப்பம் இப்போது உங்களிடையே வருகிறது. கையெழுத்துப் போடத் தெரிந்தவர்கள் கையெழுத்துப் போடுங்கள். தெரியாதவர்கள் பெயரைச் சொல்லுங்கள், பிள்ளைகள் எழுதிக் காட்டுவார்கள். பார்த்து எழுதிப் பழகுங்கள். இந்தக் கோடை முடிவதற்குள் நீங்களே போடலாம்.

கடைசியாக ஒரு வார்த்தை. மணல் மேட்டில் கோபித்துக்கொண்டு போன அந்தப் பெரியம்மாவின் வீட்டுக்குச் சென்ற வாரம் போயிருந்தோம். மன்னிப்புக் கேட்டோம். "இந்த வருசம் நீங்கதான் பேசணும்" என்றோம். அவர் சிரித்தார். "எனக்கு இன்னா தெரியும்?" என்றார். தெரிந்ததைக் கேட்கவில்லை என்று கோபித்தவரே, கேட்டவுடன் தனக்கு ஒன்றும் தெரியாது என்கிறார்! அவ்வளவு நாள் அவரிடம் யாரும் எதையும் கேட்டதில்லை.

"வரேன், ஆனா மைக்கு வேணாம்" என்று ஒப்புக்கொண்டிருக்கிறார். அடுத்த புதன்கிழமை, கடற்கரைச் செடிகளைப் பற்றி அவர் பேசுகிறார். அனைவரும் வாருங்கள், பக்கத்து வீட்டாரையும் அழைத்து வாருங்கள். ஞாயிறு காலை ஐந்து மணிக்குத் திருவக்கரை வண்டி கிளம்புகிறது. குடிக்கத் தண்ணீர் மட்டும் மறக்காமல் எடுத்து வாருங்கள்.